பெயர் தெரியாத நாவலை நூலகத்தில் தேடுவது எப்படி?

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. நூலகத்தின் இணையப் பட்டியல் இருக்கிறதே, நாங்கள் 'ஓபேக்' என்று சொல்வது, அதை இப்போது வீட்டில் உட்கார்ந்து செல்போனிலேயே திறந்து பார்க்கலாம். ஆனால் அதில் ஒரு நாவலைத் தேடி எடுக்க ஏன் இவ்வளவு சிரமம்? 26 வருடம் நூலகத்தில் பட்டியல் வேலை செய்தவள் என்பதால் எனக்கு மனதுக்கு நெருக்கமான கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மேடம், நான் திண்டுக்கல்லில் பி.ஏ. படிக்கிறேன். என் தாத்தா இங்கே தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். "எங்களைப் பற்றி ஒரு நாவல் வந்திருக்கு, பெரிய விருதுகூட வாங்குச்சு" என்பார், பெயர் நினைவில்லை. நூலகப் பட்டியலில் 'திண்டுக்கல்', 'தோல் தொழிலாளர்', 'தொழிலாளர் நாவல்' என்று எப்படிப் போட்டும் கிடைக்கவில்லை. நான் தேடுவதில் தப்பா?
— கல்லூரி மாணவி, திண்டுக்கல்

உங்கள் மேல் தப்பே இல்லை. முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். தாத்தா சொன்னது டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலாகத்தான் இருக்கும். 2012-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அவசியம் எடுத்துத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆனால் தலைப்புக் கட்டத்தில் 'தோல்' என்று மட்டும் போட்டால் தோல் நோய், தோல் பராமரிப்பு, தோல் பொருள் தயாரிப்பு என்று வரிசையாக வந்து நிற்கும். ஆசிரியர் கட்டத்தில் 'செல்வராஜ்' என்றும் சேர்த்துப் போடுங்கள்.

இனி, ஏன் கிடைக்கவில்லை என்று பார்ப்போம். அந்தக் கணினி புத்தகத்துக்குள் போய்த் தேடுவதில்லை. புத்தகத்தைப் பற்றி எங்களைப் போன்ற யாரோ ஒருவர் எழுதி வைத்த ஒரு சின்னச் சீட்டில்தான் தேடுகிறது. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், பொருள் தலைப்பு, அவ்வளவுதான் அந்தச் சீட்டு. 'தென்னை சாகுபடி' என்று ஒரு புத்தகம் இருந்தால் உள்ளே இருப்பதைத் தலைப்பே சொல்லிவிடும். நாவலில் அப்படி நடக்காது. கதை எந்த ஊரில் நடக்கிறது, யாருடைய வாழ்க்கை அது, அழ வைக்குமா, விறுவிறுவென்று போகுமா என்று வாசகர் தெரிந்துகொள்ள விரும்பும் எதுவும் சீட்டில் இருக்காது. 'பொருள் தலைப்பு' என்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே எழுதலாம். நாங்கள் என்ன எழுதினோம் தெரியுமா? நான் வேலை பார்த்த ஒரு நூலகத்தில் அட்டைப் பட்டியலைக் கணினிக்கு மாற்றியபோது, ஒரு நாளைக்கு இத்தனை பதிவு முடிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தார்கள். நாவல் கையில் வந்தால் 'தமிழ் நாவல்' என்று அடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். ஆயிரக்கணக்கான நாவல்களுக்கும் அதே இரண்டு வார்த்தை. அந்த வேலையில் எனக்கும் பங்கு உண்டு, இப்போதும் அதற்கு வருத்தப்படுகிறேன்.

அதன் பலனை ஒரு நாள் நேரிலேயே பார்த்தேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு பெண், மடியில் குழந்தையோடு கணினி முன்னால் உட்கார்ந்து 'உப்பளம்' என்று அடித்தார். உப்பு உற்பத்தி பற்றி ஒரு அரசுக் கையேடு வந்தது. 'உப்பு' என்று அடித்தார். சமையல் குறிப்பும் காந்தியின் உப்பு சத்தியாகிரகமும் வந்தன. எழுந்து போகிற நேரத்தில் நான் பார்த்துவிட்டு, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். "எங்க அம்மா அளத்துல வேலை பாத்தவங்க, அந்த மாதிரி கதை ஏதாச்சும் இருக்கா" என்றார். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நாலு எட்டு வைத்தால் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' இருந்தது, தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். தலைப்பில் 'உப்பு' என்ற சொல்லே கிடையாது. பொருள் தலைப்பில் நாங்கள் போட்டிருந்தது 'தமிழ் நாவல்'. கணினிக்கு எப்படித் தெரியும்?

ஆக, இந்தப் பட்டியல் பெயர் தெரிந்து வருகிறவருக்காகச் செய்யப்பட்டது. பெயர் தெரியாமல் வருகிறவர் அதைப் பக்கவாட்டில்தான் அணுக வேண்டும். ஒரு வழி, பெயரை வெளியே பிடித்துக்கொண்டு உள்ளே வருவது. சாகித்திய அகாதெமி 1955 முதல் விருது கொடுத்துவருகிறது, அந்த வரிசை அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது. பாடத்திட்டப் பட்டியல், பத்திரிகைகளில் வரும் மதிப்புரை, தெரிந்தவர் சொன்னது என்று எதையும் எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த ஒரு நாவலைப் போட்டு, அதன் பதிவைத் திறங்கள். அதில் ஆசிரியர் பெயர் சொடுக்கக்கூடியதாக இருக்கும், அவருடைய மற்ற நூல்கள் எல்லாம் வரும். கீழே வகைப்பாட்டு எண்ணுக்கு, அதாவது புத்தகம் அலமாரியில் எங்கே நிற்கிறது என்று சொல்லும் எண்ணுக்கு, பக்கத்தில், கோஹா மென்பொருள் வைத்திருக்கும் நூலகங்களில், அலமாரியைப் பார்க்கச் சொல்லும் ஒரு சின்ன இணைப்பு இருக்கும். பெரும்பாலும் 'பிரவுஸ் ஷெல்ஃப்' என்று ஆங்கிலத்தில் இருக்கும். அதைத் தொட்டால் அந்தப் புத்தகத்துக்கு இடமும் வலமும் அலமாரியில் நிற்கிற புத்தகங்கள் வரிசையாகத் திரையில் வரும். நூலகத்துக்கு வந்தவர் ஒரு புத்தகத்தை எடுக்கப் போய்ப் பக்கத்துப் புத்தகத்தையும் எடுத்து வருவாரே, அதே சுகம். இந்த இணைப்பை இத்தனை வருடத்தில் நான் சொல்லாமல் தானாகத் தொட்டவர் மிகக் குறைவு.

ராஜம் கிருஷ்ணன் நூல்கள் எங்கள் நூலகத்தில் நிறைய இருப்பதை அலமாரியில் கண்ணால் பார்த்திருக்கிறேன். பட்டியலில் பெயரைப் போட்டால் ஆறோ ஏழோதான் வருகிறது. மற்றவை எங்கே போயின, அம்மா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

எங்கும் போகவில்லை ஐயா, வேறு வேறு பெயரில் உட்கார்ந்திருக்கின்றன. 'இராஜம்' என்று முன்னால் 'இ' சேர்த்துப் போட்டுப் பாருங்கள், சில வரும். 'கிருஷ்ணன், ராஜம்' என்று போட்டுப் பாருங்கள், இன்னும் சில வரும். கடைசிப் பெயரை முன்னால் எழுது, கால்புள்ளி வை, பிறகு மற்றதை எழுது என்பது மேல்நாட்டுக் குடும்பப் பெயருக்காக வந்த விதி. அதை அப்படியே நம் ஊர்ப் பெயருக்குப் பொருத்தியதால், அந்த அம்மாவின் கணவர் பெயருக்குக் கீழே அவருடைய நூல்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. 'கிருட்டிணன்' என்று எழுதியவர்களும் உண்டு.

புனைபெயர் இன்னொரு சிக்கல். சுஜாதா என்று ஒரு இடத்தில், ரங்கராஜன் என்று இன்னொரு இடத்தில். முறையாகச் செய்கிற நூலகத்தில் எல்லா வடிவத்தையும் ஒரே பெயருக்குக் கட்டிவைக்கும் கோப்பு ஒன்று இருக்கும். ஒன்றைப் போட்டால் எல்லாம் வரும். பல இடங்களில் அந்த வேலை பாதியில் நிற்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கண்ணுக்கே தெரியாத தப்பு. 'கொ' என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒற்றைக் குறியாக ஒருவிதம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக வைத்து இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மென்பொருள் இரண்டையும் சமமாக்கிப் பார்க்காவிட்டால் ஒன்றைத் தேடும்போது மற்றது வராது. 'ஔ'வைச் சிலர் 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டு எழுதியிருப்பார்கள், அதுவும் இப்படியே. அதனால் ஒரு நூல் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தும் வரவில்லையென்றால், சிக்கலான எழுத்து வருகிற சொல்லை விட்டுவிடுங்கள். தலைப்பில் 'அ', 'க', 'ப' மாதிரி எழுத்துகளால் ஆன எளிய சொல் ஒன்றைப் பிடித்து அதை மட்டும் போடுங்கள். ஒற்று மிகுவதும் இப்படித்தான் காலை வாரும். 'குறிஞ்சித் தேன்' என்பதை ஒருவர் பிரித்து, இன்னொருவர் சேர்த்து, மூன்றாமவர் 'த்' இல்லாமல் அடித்திருப்பார். சொல்லின் முதல் பாதியை மட்டும் எழுதி, ஒட்டினாற்போல் நட்சத்திரக் குறி போட்டால், 'குறிஞ்சி' என்று தொடங்குவது எல்லாம் வந்துவிடும். பெயருக்கும் இதே உபாயம்தான்.

பட்டியலில் 'உள்ளது' என்று காட்டுகிறது. போய்ப் பார்த்தால் அலமாரியில் இல்லை. மூன்று முறை பஸ் ஏறிப் போய் ஏமாந்தேன்.
— வாசகி, விருத்தாசலம்

'உள்ளது' என்றால் யாருக்கும் இரவல் கொடுக்கப்படவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். திரும்பி வந்து மேசையில் அடுக்கியிருக்கலாம், பைண்டிங்குக்குப் போயிருக்கலாம், யாரோ எடுத்துப் பார்த்துவிட்டு வேறு அலமாரியில் செருகியிருக்கலாம். கதைப் புத்தகத்துக்குத்தான் இது அதிகம் நடக்கும், நிறையப் பேர் கை பட்ட புத்தகம் ஆயிற்றே. பதிவில் வகைப்பாட்டு எண்ணோடு சேர்க்கை எண் என்று தனியாக ஒன்று இருக்கும், அது அந்த ஒரு பிரதிக்கு மட்டும் உரிய எண். அதைக் குறித்துக்கொண்டு, கிளம்பும் முன் ஒரு போன் போட்டு, "இந்த எண் புத்தகத்தை எடுத்து வைக்க முடியுமா" என்று கேளுங்கள். பட்டியலில் முன்பதிவு வசதி இருந்தால் இன்னும் நல்லது. சில நூல்கள் அங்கேயே உட்கார்ந்து படிக்க மட்டும் என்று இருக்கும், அதையும் பதிவிலேயே பார்த்துவிடுங்கள்.

அக்கா, மாமியார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். இங்கத்தை நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் நிறைய இருக்கென்று சொல்லுகினம். ஆனால் இணையத்தில் தேடினால் எனக்கு ஒன்றும் வருகுதில்லை. தமிழில் அடித்தும் பார்த்தேன், ஆங்கில எழுத்தில் அடித்தும் பார்த்தேன்.
— ஸ்கார்பரோ, கனடா

வட அமெரிக்க நூலகங்கள் பலவற்றில் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில்தான் பதிந்திருப்பார்கள். நாம் வாட்ஸ்அப்பில் எழுதுகிற மாதிரி இல்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஏற்றுக்கொண்ட அட்டவணை ஒன்று உண்டு, அதன்படி எழுத்துக்கு எழுத்து. 'த'வுக்கு வெறும் 'டி', பக்கத்தில் 'எச்' வராது. 'ச'வுக்கு 'எஸ்' இல்லை, 'சி'. 'க' எந்த இடத்தில் வந்தாலும் 'கே'தான், 'மணிகள்' என்பதில் நாம் 'ஜி' போட்டுப் பழகியிருப்போம், அங்கே அது செல்லாது. 'ழ'வுக்கு 'இசட் எச்' கிடையாது, அடியில் கோடு போட்ட 'எல்'. கோடும் புள்ளியும் நீங்கள் போட வேண்டியதில்லை, பெரும்பாலான பட்டியல்கள் அவற்றைப் பொருட்படுத்தாது. சிறுகதைத் தொகுப்பு வேண்டுமென்று 'எஸ்'ஸில் தொடங்கி அடித்தால் ஒன்றுமே வராது, 'சி'யில் தொடங்கினால் பக்கம் பக்கமாக வரும்.

இதெல்லாம் தலைவலியாக இருந்தால் எளிய வழி ஒன்று இருக்கிறது. ஏதாவது ஒரு பொதுவான தேடல் போட்டுவிட்டு, ஓரத்தில் மொழி என்று இருக்கிற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கதை நூல் என்பதையும் தேர்ந்தெடுங்கள். அந்த நூலகத்திலிருக்கிற தமிழ் நாவல்கள் மொத்தமும் முன்னால் நிற்கும். மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்த பெயர் வரும்போது முகமே சொல்லிவிடும். பிடித்ததை முன்பதிவு செய்து பக்கத்துக் கிளைக்கு வரவழைக்கலாம்.

ஈழத்து நாவல்கள் வேண்டுமென்றால் நூலகம் என்றே பெயர் வைத்திருக்கும் எண்ணிம நூலகத்துக்குப் போங்கள். 2005 முதல் இயங்குகிறது. பதிவுகள் எல்லாம் தமிழ் எழுத்திலேயே இருக்கும், திரையிலேயே வாசிக்கலாம். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தால் மாமியாருக்குக் கண்ணுக்கும் வசதி.

அப்பாவுக்கு 81 வயது. சரித்திர நாவல் என்றால் உயிர். நான்தான் பட்டியலைப் பார்த்து எடுத்துப் போகிறேன். போன முறை எடுத்துப் போனதை வைத்துக்கொண்டு படிக்கக் கை வலிக்கிறது என்றார், அதற்கு முந்தியது மூன்றாம் பாகமாகப் போய்விட்டது. பட்டியலைப் பார்த்தே சரியாகத் தேர்ந்தெடுக்க முடியுமா?
— வங்கி ஊழியர், ஈரோடு

ஓரளவு முடியும். பக்க எண்ணிக்கைக்குப் பக்கத்தில் செ.மீ. என்று ஒரு அளவு இருக்கும். யாரும் கவனிப்பதில்லை, அது புத்தகத்தின் உயரம். 18 செ.மீ. என்றால் கைக்கு அடக்கமானது, 24 செ.மீ., 700 பக்கம் என்றால் மடியில் தலையணை வைத்துத்தான் படிக்க வேண்டும். 'பொன்னியின் செல்வன்' மாதிரி ஐந்து பாகம் போகிற கதையில், சில நூலகங்கள் ஐந்துக்கும் ஒரே பதிவு போட்டிருக்கும், சில ஐந்து தனிப் பதிவாக வைத்திருக்கும். எந்தப் பாகம் எந்தப் பிரதி என்று கீழே பிரதிகளின் வரிசையில் பாருங்கள். முதல் பாகத்தை எடுக்கும் முன்பே இரண்டும் மூன்றும் அங்கே இருக்கின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது, பாதியில் நின்றால் அப்பாவுக்குத்தான் கஷ்டம்.

ஆண்டை நம்பாதீர்கள். 2019 என்று போட்டிருந்தால் அந்தப் பிரதி அச்சான ஆண்டு அது, நாவல் 60 வருடத்துக்கு முந்தியதாக இருக்கலாம். ஆனால் அப்பாவுக்குப் புதிய அச்சுதான் நல்லது, எழுத்து தெளிவாக இருக்கும். ஒரே நாவலுக்குப் பல பிரதி இருந்தால் ஆண்டு பிந்தியதைக் கேளுங்கள். ஒரு நாவலுக்கு எட்டுப் பிரதி வாங்கியிருக்கிறார்கள், அதில் ஆறு வெளியே இருக்கிறது என்றால், ஊரில் எல்லோரும் அதைத்தான் படிக்கிறார்கள் என்று அர்த்தம். பட்டியல் வாய் திறந்து சொல்லாத மதிப்புரை அது. நான் வாசகருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கும்போது முதலில் பார்ப்பது அதைத்தான், அப்புறம் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதிச் சீட்டை.

கதையின் களம், காலம், மனநிலை எல்லாம் வைத்துத் தேடுகிற பட்டியல் உலகத்தில் எங்காவது இருக்கிறதா? நம்மால் முடியாதா?
— நூலக அறிவியல் மாணவர், மதுரை

இருக்கிறது, புதிதும் இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த அன்னலிசா மார்க் பெய்டர்சன் என்ற ஆய்வாளர், வாசகர்கள் நூலகரிடம் நாவலை எப்படிக் கேட்கிறார்கள் என்பதை உட்கார்ந்து கவனித்தார். கதை எதைப் பற்றியது, எந்த இடம் எந்தக் காலம், ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார், படிக்க எளிதா கடினமா என்று கேட்கிறார்கள் எனக் கண்டு, அந்த வரிசையிலேயே நாவல்களைப் பட்டியலிட்டார். 1980-களில் 'புக் ஹவுஸ்' என்று ஒரு கணினி அமைப்பையே உருவாக்கினார். திரையில் ஒரு வீடு, உள்ளே அறைகள், படத்தைத் தொட்டுத் தொட்டுத் தேடலாம். பின்லாந்தில் பொது நூலகங்கள் சேர்ந்து 2011-இல் 'கிரியாசம்போ' என்ற தளத்தைத் தொடங்கின. அதில் ஒரு நாவலின் கருப்பொருள், கதை நடக்கும் ஊர், காலம், பாத்திரங்கள் என்று எல்லாமே தேடக்கூடிய சொற்களாக இருக்கின்றன. ஒரு சிறிய மொழிக்காரர்கள் தங்கள் கதைகளுக்கு இதைச் செய்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

நம்மால் முடியும். மென்பொருள் தடையே இல்லை. நம் ஊரில் பல நூலகங்களில் ஓடும் கோஹா நியூசிலாந்தில் பிறந்த இலவச மென்பொருள், மாவோரி மொழியில் அந்தப் பெயருக்கே கொடை என்று பொருள். நீங்கள் படிக்கும் மார்க் வடிவத்தில், அதாவது நான் முன்னால் சொன்ன சீட்டைக் கணினிக்குப் புரியும்படி எண் போட்ட புலங்களாக (கட்டங்களாக) எழுதும் முறையில், 520 சுருக்கத்துக்கு, 651 இடத்துக்கு, 655 வகைக்கு. இடம் எல்லாம் தயாராக இருக்கிறது, நிரப்புவதுதான் இல்லை. 008 புலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 40 எழுத்து கொண்ட வரி. அதில் 33 என்ற இடத்தில் ஒரே ஒரு எழுத்து போட்டால் இது நாவலா சிறுகதையா கதையே இல்லையா என்று கணினிக்குத் தெரிந்துவிடும். மேம்பட்ட தேடலில் புனைவு மட்டும் காட்டு என்று நீங்கள் கேட்டால் அந்த எழுத்தைத்தான் அது பார்க்கிறது. நான் திறந்து பார்த்த தமிழ்ப் பதிவுகளில் பலவற்றில் அந்த இடம் காலி. அதனால்தான் அந்த வடிகட்டியைப் போட்டதும் அலமாரி நிறைய இருக்கிற நாவல்கள் திரையில் காணாமல் போகின்றன.

நீங்கள் மாணவர், கையில் நேரம் இருக்கிறது, வகுப்பில் நாற்பது பேர் இருப்பீர்கள். ஆளுக்கு இருபது நாவல் எடுத்து, படித்து, மூன்று வரிச் சுருக்கமும் ஊரும் தொழிலும் காலமும் எழுதினால் 800 பதிவு. கல்லூரி நூலகரிடம் பேசிப் பாருங்கள், மறுக்க மாட்டார்.

மற்ற வாசகர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. கோஹாவில் உறுப்பினர் எண்ணால் உள்ளே நுழைந்தால், நூலகம் அந்த வசதியைத் திறந்து வைத்திருந்தால், புத்தகப் பதிவின் கீழே நாமே குறிச்சொல் சேர்க்கலாம். இன்று உங்கள் நூலகப் பட்டியலைத் திறக்கும்போது 'கரிப்பு மணிகள்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் கீழே 'உப்பளம்', 'தூத்துக்குடி' என்று இரண்டு சொல் எழுதிவிட்டு வாருங்கள். அந்த வசதி மூடியிருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதி நூலகரிடம் கொடுங்கள்.